தாயம் (செட்டிநாடு): காய் பிழைக்கும் விதிகள்

தாயம், இரண்டு நீளக் கட்டைகளை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்பக் கட்டங்களில் காய் நகர்த்தும் தமிழர் ஆட்டம். காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த, நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தின் ஊர்களையும் கொண்ட செட்டிநாட்டில் இது பெரும்பாலும் வீட்டுக்குள் ஆடப்பட்டது. ஆடியவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். காய் எப்போது களத்தில் இறங்கும், எங்கே நின்றால் தப்பும், வெட்டுப்பட்டால் என்ன ஆகும், எப்போது உள்ளே போகலாம் என்பவற்றைத் தீர்க்கும் விதிகள் நெடுங்காலம் வாய்மொழியாகவே இருந்தன. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அவை மாறும். ஆட்டம் தொடங்குமுன் “உங்க வீட்டில் எப்படி?” என்று கேட்டுக்கொள்வதே முதல் விதி. அந்த விதிகள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின, இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

களமும் கட்டையும்

தாயக்கட்டை விரல் நீளமும் நான்கு பட்டையும் கொண்டது, பித்தளையில் வார்த்தது. ஒரு பட்டையில் புள்ளி இருக்காது. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் குத்தியிருக்கும். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உரசி உருட்டித் தரையில் விடுவார்கள். மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டினால் எண். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறும் பட்டையாக விழுந்தால் பன்னிரண்டு. 1, 5, 6, 12 போட்டவர் மறுபடியும் உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் அந்தக் கை முடிந்து கட்டை அடுத்தவரிடம் போகும். பித்தளைக் கட்டை இல்லாத இடத்தில் சோழியோ, ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டையோ அந்த வேலையைச் செய்தன. காய்களுக்குப் பஞ்சமே இல்லை. உடைந்த வளையல் துண்டு, கூழாங்கல், விளக்குமாற்றுக் குச்சி, முத்து, சோழி என்று ஆளுக்கு ஒரு வகை எடுத்துக்கொள்வார்கள்.

களம் சாக்பீஸாலோ கரியாலோ தரையில் கீறப்படும். வரிசைக்கு ஐந்து கட்டம் வீதம் 25 கட்டமுள்ள சிறு களமும், ஏழு வீதம் 49 கட்டமுள்ள பெரிய களமும் பரவலானவை. நான்கு பக்கமும் நடுக் கட்டத்தில் குறுக்கே பெருக்கல் குறி போட்டிருக்கும். அதுதான் மலை. ஒவ்வொருவருக்கும் தம் பக்கத்து மலையே தொடக்கம். காய் வெளிச்சுற்றை ஒருமுறை சுற்றி வந்து, உள்சுற்றுக்குத் திரும்பி, நடுக் கட்டத்தை அடைந்தால் பழம். எல்லாக் காய்களையும் முதலில் பழமாக்கியவர் வென்றார்.

இதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கை ஆடிப் பழகிய கை அறியும். இரண்டு கட்டைகள் 16 வகையாக விழலாம். அவற்றில் தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. ஆகவே ஒருமுறை உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. மறு உருட்டல்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கைக்குள் ஒருமுறையாவது தாயம் விழ ஆறில் ஒரு வாய்ப்பு. பத்துக் கை சுற்றி வந்த பிறகும் சராசரியாக ஆறு பேரில் ஒருவர் தாயம் காணாமல் கட்டையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று பொருள். பிழைப்பு விதிகளில் பாதி இந்த ஆளின் முகத்தைப் பார்த்துப் பிறந்தவை.

மலைகளுக்கு இடையே உள்ள தூரமும் கவனிக்கத்தக்கது. சிறு களத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலை சரியாக நான்காம் கட்டம். பெரிய களத்தில் ஆறாம் கட்டம். சிறு களத்தில் நாலு போட்டவர் மலையிலிருந்து மலைக்குத் தாவி நிம்மதியாகக் கட்டையைக் கொடுத்துவிடலாம். பெரிய களத்தில் ஆறும் பன்னிரண்டும் அதே உதவியைச் செய்கின்றன. கூடவே மறு உருட்டலும் தருகின்றன. ஆனால் இந்த இரண்டும் அபூர்வமாக விழுபவை. எனவே பெரிய களத்தில் காய் வெட்டவெளியில் நிற்கும் நேரம் கூடுதல்.

பழைய தடயங்கள்

செட்டிநாட்டின் பெரும்பகுதி அமைந்திருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடியும் இருக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில், 2014–15 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் பகடைகளும் கிடைத்தன. 2022இல் நடந்த எட்டாம் கட்ட அகழாய்வில் தந்தத்தால் செய்த நீள்சதுரப் பகடை ஒன்று வெளிவந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, கீழடியின் மாதிரி ஒன்றுக்குக் கரிமக் கணிப்பில் கிடைத்த காலம் கி.மு. 580 என்கிறது. பகடை கிடைத்ததால் தாயமே ஆடினார்கள் என்று முடிவுகட்ட இடமில்லை. மண்ணில் பகடை தங்கும், விதி தங்காது. நீளக் கட்டையை உருட்டிக் காய் நகர்த்தும் பழக்கம் இந்த மாவட்டத்து மண்ணுக்குப் புதிதில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

இலக்கியத்தில் வல், வட்டு என்ற பெயர்களில் இத்தகைய ஆட்டங்கள் வருகின்றன. வல் என்ற சொல்லோடு நாய், பலகை ஆகிய சொற்கள் புணரும் முறையைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் சொல்கிறது. நாய் என்றால் இங்கே ஆட்டக்காய். இலக்கண நூல் தனி விதி வகுக்கும் அளவுக்கு இந்த ஆட்டம் அன்றாடத்தில் இருந்திருக்கிறது. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் பாழடைந்த ஊர்ப் பொதுமன்றம் ஒன்றைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன பள்ளங்களில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் ஆடினால் மட்டுமே தரை அப்படிக் குழியும்.

விதித் தகராறுக்கும் புறநானூற்றிலேயே சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடியபோது புலவர் காயைக் கைக்குள் மறைத்தார். கோபம் கொண்ட மாவளத்தான் வட்டை எடுத்து அவர்மேல் எறிந்தான். நீ சோழன் மகன்தானா என்று புலவர் கேட்க, அவன் நாணித் தலைகவிழ்ந்தான். பிழை தன்னுடையது என்று ஏற்றுப் புலவர் பாடிய பாட்டே 43ஆவது. காயைக் காப்பாற்றச் செய்த கள்ளத்தனம் பாட்டில் முடிந்த கதை இது. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள், கட்டம் வகுக்காமல் வட்டாடுவதை உவமையாக்குகிறது. களமும் முறையும் இன்றி ஆட்டம் இல்லை என்பது வள்ளுவர் காலத்திலேயே கேட்பவருக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி.

அடுத்த சான்று கல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரையிலும் குளத்துப் படிகளிலும் ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருக்கின்றன. கீறியவர்கள் யார், எப்போது என்பதற்கு அவற்றில் குறிப்பு இராது.

செட்டிநாட்டு வீட்டில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனார்கள். கடையை நடத்தப் போன முகவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு. அந்த மூன்று ஆண்டும் வீடு பெண்கள் கையில். பர்மாத் தேக்குத் தூண்கள் நின்ற வளவும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்ட அந்த வீடுகள் ஒரு பெருங்கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனிப் புள்ளி. அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு. ஒரே கூரையின் கீழ் நாலைந்து அடுப்புகள் எரிந்த வீடுகள் உண்டு. மத்தியானச் சமையல் முடிந்து, சாமான் விளக்கிக் கவிழ்த்த பிறகு, அந்த நாலைந்து அடுப்பின் பெண்களும் வளவில் கூடுவார்கள். தாயம் களைகட்ட நாலு பேர் வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் அந்த நாலு பேர் எப்போதும் இருந்தார்கள்.

விதிகள் வீட்டுக்கு வீடு மாறியதற்கும், மாறியும் ஒன்றையொன்று அறிந்திருந்ததற்கும் காரணம் இந்தக் கூட்டத்தின் அமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என ஒன்பது நகரக் கோயில்கள். உட்பிரிவு உள்ள கோயில்களை விட்டுவிட்டால், ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை. ஆகவே ஒரு வீட்டுக்கு வரும் மருமகள் நிச்சயமாக வேறொரு வளவின் பழக்கத்தோடு வருகிறாள். அவள் பிறந்த வீட்டில் இரட்டைக் காயை, அதாவது ஒரே கட்டத்தில் நிற்கும் ஒருவரின் இரு காய்களை, வெட்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். புகுந்த வீட்டில் வெட்டலாம். முதல் நாள் ஆட்டத்திலேயே இந்தப் பேச்சு எழும். மூத்தவர் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பே அந்த வீட்டு விதியாகும். அவளுடைய மகள் கட்டிக்கொடுத்துப் போகும்போது இரண்டு வீட்டு விதியும் கலந்த ஒன்றைக் கொண்டுபோவாள். கணக்குப் பேரேட்டில் காலணாவைக்கூட விடாமல் எழுதிவைத்த சமூகம் இந்த விதிகளை ஒரு தாளிலும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே வரவில்லை. விதியை நினைவில் வைத்திருந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சூதாட்டம் என்ற பழி தாயத்தின் மேல் எப்போதும் உண்டு. சகுனியின் பெயரைச் சொல்லி, வீட்டில் கட்டை உருட்டக் கூடாது என்று தடுத்த பெரியவர்கள் இருந்தார்கள். பணம் வைக்காமல் ஆடுவது, விளக்கு வைத்த பிறகு ஆடாமல் இருப்பது போன்ற கட்டுப்பாடுகள் இந்தப் பயத்தால் வந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் விரித்தபோது மட்டும் தடை தளரும். பரமபதத்தில் காயைக் கொத்துவது பாம்பு. எதிராளிக்கு அதில் கை இல்லை. தாயத்தில் வெட்டுவது எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர்ப்படியாள். வருத்தமும் சிரிப்பும் அவள்மேல்தான் போகும். பிழைப்பு விதிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது இதனால்தான்.

விதிகளும் மாறுபாடுகளும்

இறங்குதல். தாயம் போட்டால் காய் இறங்கும் என்பது எல்லோருக்கும் பொது. அதற்குமேல் பிரிவு தொடங்குகிறது. ஒருமுறை தாயம் போட்டுவிட்டால் எல்லாக் காயும் இறங்கிவிடும் என்பது ஒரு வழக்கம். காய்க்குக் காய் தாயம் வேண்டும் என்பது இன்னொன்று. ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்று ஆடுவோரும் உண்டு. அப்படிச் சேர்த்துக்கொண்டால் ஒரு கைக்குள் காய் இறங்கும் வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து ஏழில் இரண்டாக உயர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் கலந்து ஆடும் வீடுகளில் சின்னவர்களுக்கு முதல் காயைச் சும்மா இறக்கிக் கொடுப்பதும் வழக்கம்.

மலை. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. எதிராளிகளின் காய்களும் அங்கே ஒன்றாக நிற்கலாம். இந்த ஒரு விதியில் எந்த வீடும் கைவைத்ததாகத் தெரியவில்லை. கைவைத்தால் ஆட்டமே நிற்காது. மலையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தங்கலாமா என்பதில்தான் பேச்சு எழும். வேறு காய் நகர்த்த வழியிருக்கும்வரை தங்கலாம் என்பது பெரும்பான்மை வழக்கம். ஒரே ஒரு காய் மட்டும் களத்தில் இருந்தால் அது விழுந்த எண்ணுக்கு நகர்ந்தே தீர வேண்டும். அதனால் காய்களைப் பரப்பி இறக்கிவைத்திருப்பவருக்கே மலை முழுப் பாதுகாப்புத் தரும்.

இரட்டை. தன்னுடைய இரண்டு காய்கள் ஒரே கட்டத்தில் நின்றால் அது இரட்டை. ஒற்றைக் காய் இரட்டையை வெட்டாது, இன்னோர் இரட்டைதான் வெட்டும் என்று பல வீடுகளில் ஆடுவார்கள். சிலர் இரட்டையைத் தாண்டவும் கூடாது என்பார்கள். அப்போது இரட்டை ஒரு சுவராகிவிடும். பின்னால் வரும் காய்கள் தேங்கி நிற்கும். இரட்டைக்கு எந்தச் சலுகையும் இல்லை, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டில் தூக்கிவிடலாம் என்ற கடுமையான முறையும் உண்டு.

வெட்டு. எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் தன் காய் சரியாக வந்து இறங்கினால் வெட்டு. வெட்டியவருக்கு ஒரு மறு உருட்டல். வெட்டுப்பட்ட காய் களத்தைவிட்டு வெளியேறி, மறுபடியும் தாயத்துக்குக் காத்திருக்கும். தாயத்தில் காய்க்குச் சாவு என்பதே இல்லை. எத்தனை முறை வெட்டுப்பட்டாலும் அது உடையவர் கையருகில் இருக்கும். நடந்த தூரம்தான் போகும். உள்சுற்றின் கடைசிக் கட்டத்தில், பழமாக ஓரடி இருக்கையில் வெட்டுப்பட்ட காயும், இறங்கிய மறுகணம் வெட்டுப்பட்ட காயும் ஒரே இடத்துக்குத் திரும்புகின்றன. இந்தச் சமத்துவம் கொடியது. ஆட்டத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது.

கிட்டத்தில் பார்த்தால் இதன் நுட்பம் தெரியும். உங்கள் காய் மலையைத் தாண்டி வெட்டவெளியில் நிற்கிறது. மூன்று கட்டம் பின்னால் எதிராளியின் காய். எதிராளி எத்தனை முறை மறு உருட்டல் பெற்றாலும் அவர் கை 2, 3, 4 ஆகிய மூன்றில் ஒன்றில்தான் முடியும். அந்தக் கடைசி உருட்டல் மூன்றாக இருக்கப் பத்தில் நான்கு வாய்ப்பு. இரண்டுக்கும் நான்குக்கும் பத்தில் மூன்று வீதம். நடுவில் விழும் ஐந்தையும் ஆறையும் வேறு காய்களுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி எண்ணை வெட்டுக்கு வைத்துக்கொள்வார் கெட்டிக்காரர். ஆகவே எதிராளிக்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பதே களத்தில் ஆகப் பெரிய ஆபத்து. ஒரு கட்டம் முன்னால், அதாவது மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்பது அதைவிடப் பாதுகாப்பு. அங்கே தாயம் விழுந்தால்தான் வெட்டு. வாய்ப்பியல் படிக்காத ஆச்சிமார் காயை மூன்றாம் கட்டத்திலிருந்து ஓரடி தள்ளிவைக்கத் தயங்கியதில்லை.

உள்ளே போதல். ஒரு வெட்டாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குள் போகக் கூடாது. தாயத்தின் விதிகளில் மிக ஆழமானது இது என்று தயங்காமல் சொல்வேன். மலைக்கு மலை ஒதுங்கி, யாரையும் தொடாமல், யாரிடமும் படாமல் சுற்றிவந்தாலும் வாசலில் நின்றுவிட வேண்டியதுதான். வெட்டக் கிளம்பினால் வெட்டவெளியில் நிற்க நேரும். பிழைப்பதற்கான விதிகள் எல்லாம் ஒரு பக்கம் இழுக்க, இந்த ஒன்று காயை ஆபத்துக்குள் தள்ளுகிறது. ஆளுக்கு ஒரு வெட்டுப் போதும் என்பது பொது வழக்கம். கூட்டாளி சேர்ந்து இரண்டு கட்சியாக ஆடும்போது ஒருவர் வெட்டினால் கூட்டாளிக்கும் வாசல் திறக்கும் என்று வைத்துக்கொள்வதுண்டு. நேரம் போதாத நாளில், அல்லது ஆடுபவர் எல்லாம் சிறுவர்களாக இருந்தால், இந்த விதியை எடுத்துவிட்டே ஆடுவார்கள். எடுத்துவிட்டால் தாயம் வெறும் ஓட்டப்பந்தயம் ஆகிவிடுகிறது.

ஒரே எண் மூன்று முறை தொடர்ந்து விழுந்தால் அந்தக் கை முழுக்க அழியும் என்பதும், பழமாகச் சரியான எண்ணே விழ வேண்டும் என்பதும் பல இடங்களில் உள்ளவை. கட்டை சுவரில் சாய்ந்து நின்றால் திரும்ப உருட்ட வேண்டும்.

பிற ஆட்டங்களில்

தாயத்தின் உறவு ஆட்டங்கள் இந்தியா முழுக்க உண்டு. வடக்கே பச்சீசியும் சௌபரும். அக்பர் காலத்து ஆயினி அக்பரி சௌபரை விவரிக்கிறது. பச்சீசியிலும் குறியிட்ட கட்டங்கள் பாதுகாப்பானவை. வெட்டுப்பட்ட காய் தொடக்கத்துக்குத் திரும்பும். 1896இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் காலியர் லூடோவுக்குக் காப்புரிமை பெற்றபோது பச்சீசி சுருங்கி ஒற்றைக் கனசதுரப் பகடையோடு அட்டைப் பெட்டிக்குள் வந்தது. தாயத்தின் இடத்தில் அங்கே ஆறு. பெட்டியோடு ஒரு விதித்தாளும் வந்தது. வீட்டுக்கு வீடு விதி பேசிய ஆட்டத்துக்கு அச்சிட்ட ஒரே விதி வந்தது. 2016இல் மும்பையின் கேமேஷன் நிறுவனம் வெளியிட்ட லூடோ கிங் செயலி 2020 ஊரடங்கில் நாடெங்கும் பரவியது. செயலியில் தகராறு எழ வழியில்லை. தீர்ப்புச் சொல்ல மூத்தவரும் தேவையில்லை.

இதற்கு நேரெதிரான வழியில் போனது, ஆளுக்கு ஒரு பாத்திரமாகிக் கதையை நடத்தும், அமெரிக்காவில் பிறந்த கதைப்பாத்திர ஆட்டம். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில் என்ற போர் ஆட்டத்தில் சாதாரண வீரன் ஓரடி பட்டால் செத்தான். மின்னசோட்டாவில் தம் நண்பர்களுக்காக பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை நடத்திவந்த டேவ் ஆர்னசன், ஆடுபவர்கள் தங்கள் பாத்திரத்தோடு ஒன்றிப்போய் அதை இழக்க மனமில்லாமல் தவிப்பதைக் கண்டார். இரும்புக் கப்பல்களின் கடற்போர் விதிகளிலிருந்து, எத்தனை அடி தாங்கலாம் என்ற கணக்கை எடுத்து மனிதப் பாத்திரத்துக்குப் பொருத்தினார். உயிர்ப்புள்ளி பிறந்தது. ஒரு வீட்டு விதியாகத் தொடங்கிய அது 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடித்தளமானது.

அங்கேயும் இரக்கம் படிப்படியாக வளர்ந்ததைக் காணலாம். 1974 விதியில் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சாவு. 1979இல் வந்த ஆட்ட நடுவர் கையேட்டில் பூஜ்யத்தில் மயக்கம்; சுற்றுக்கு ஒரு புள்ளியாகக் குறைந்து −10 வரை போனால்தான் சாவு; அதற்குள் தோழர்கள் ஓடிவந்து காப்பாற்றலாம். 2014 பதிப்பில் விழுந்த பாத்திரம் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறது. பத்தும் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் போய்விடும். இருபது விழுந்தால் உடனே எழுந்துவிடலாம். இத்தனை விதி அச்சிட்ட பிறகும் ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் மாற்றி ஆடுகிறது. இறந்தவரைக் கதைக்குள் திரும்ப அழைக்கலாமா, புதுப் பாத்திரம் தொடக்க நிலையிலிருந்து வரவேண்டுமா என்பதெல்லாம் ஆடுவோர் கூடிப் பேசி முடிவு செய்வது. இந்தக் கடைசிக் கேள்வியைத் தாயம் ஆடுபவர்கள் நன்றாக அறிவார்கள். வெட்டுப்பட்டவர் எங்கிருந்து தொடங்குவது என்பதே அவர்களுடைய கேள்வியும்.

இன்று

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கே நகரத்தார் நடத்திய தொழில் உடைந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றதைத் தொடர்ந்து நிலமும் கைவிட்டுப் போனது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பிரிந்தன. பெரிய வீடுகள் பல ஆண்டில் சில நாள், கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. சில வீடுகள் விடுதிகளாயின, சில இடிந்தன, கதவும் தூணும் சாமானும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே பித்தளைத் தாயக்கட்டையும் விலைக்குக் கிடைக்கும். வாங்குபவருக்குக் கட்டை கிடைக்கிறது. அது உருண்ட வீட்டில் இரட்டையை வெட்டலாமா கூடாதா என்பது கிடைப்பதில்லை.

ஆட்டம் அழிந்துவிடவில்லை. சென்னையின் கிரீடா போன்ற நிறுவனங்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்து தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் முதலியவற்றைத் துணி விரிப்போடும் விளக்கத்தாளோடும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. அதனால் நகரத்துப் பிள்ளைகள் கட்டையைக் கையில் எடுத்தார்கள். இது பெரிய தொண்டு. அதே சமயம், விளக்கத்தாளில் உள்ளதே சரியான விதி என்ற எண்ணமும் கூடவே வந்தது. கல்யாண வீட்டில் பாட்டி சொல்லும் விதியைத் தவறு என்று பேரன் திருத்தும் நிலையைத் தடுக்க வேண்டும். விரிப்புத் தயாரிப்பவர்கள் ஒரே விதியை அச்சிடுவதைவிட, இன்ன இன்ன இடங்களில் மாறுபாடு உண்டு, ஆடுமுன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அச்சிடலாம்.

பதிவு செய்வோருக்கு வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு வீட்டுத் தாயத்தைக் குறிக்கும்போது களத்தின் அளவு, காய் எத்தனை, எந்த எண்ணுக்கு மறு உருட்டல், எதற்குக் காய் இறங்கும், இரட்டைக்கு என்ன சலுகை, உள்ளே போக வெட்டு வேண்டுமா, கூட்டாளியின் வெட்டு செல்லுமா என்று கேட்க வேண்டும். சொல்பவர் பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். எந்த விதி எந்த வீட்டில் கற்றது என்பதையும் கேட்க வேண்டும். இவ்வளவும் எழுத ஒரு பக்கம் போதும். படைப்புக்காக வீடு திறக்கும் நாட்களில், நாலு தலைமுறையும் ஒன்றாக வளவில் இருக்கும்போது, ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் கேள்வியே கேட்காமல் பாதி விதிகள் வாய்ச்சண்டையில் வந்துவிடும்.